வெளிச்சத்தில் பிரிக்கக் கூடாது

ஏலப்பாறை
3 செப்டம்பர் 2024

லோகேஷ் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை இது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, இனி எதுவானாலும் எழுத்தில்தான் என்று நான்கு வருடத்துக்கு முன்பு நாம் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு எழுத ஒன்றும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

குட்டிக்கானம் பக்கத்தில் ஒரு ஹோட்டல் கட்டியிருக்கிறார்கள். நாற்பது அறை. அறைக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம், இருட்டறையில் கையால் அச்சிட்டதாக வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். நவம்பர் முதல் தேதி கொடுத்தாக வேண்டும். பாஸ்போர்ட் படமும் காதுகுத்துப் படமும் எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு இத்தனை வருடத்தில் வந்த ஒரே பெரிய வேலை. அதற்காக ஐரோப்பாவிலிருந்து ஆறு பெட்டி தாள் வரவழைத்தேன். பெட்டிக்குப் பத்துத் தாள். இந்த அளவுத் தாள் இங்கே கிடைக்காது. அடுத்த தடவை ஜனவரியில்தான் தயாராகும் என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் எழுதிவிட்டார்கள்.

கஸ்டம்ஸில் எடுத்துத் தரும் வேலையைக் கஞ்சிக்கோட்டில் உங்கள் அலுவலகத்துக்குக் கொடுத்தேன். நீங்கள் அங்கே இருப்பது தெரிந்துதான் கொடுத்தேன். அந்த அலுவலகத்தில் இந்தத் தாளைத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தானே.

நேற்று கஸ்டம்ஸிலிருந்து தகவல் வந்தது. என் தாளுக்கு நீங்கள் போட்டிருப்பது வரிப் பட்டியலின் நாற்பத்தெட்டாம் அத்தியாயம். பூச்சுப் பூசிய தாள். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வழவழப்புத் தாளுக்கு உண்டான இடம். ஆனால் கூட வந்த இன்வாய்ஸில் போட்டோவுக்கு என்று இருக்கிறதே என்று அவர்களுக்குச் சந்தேகம். 19-ஆம் தேதி கிடங்கில் பெட்டிகளைப் பிரித்துப் பார்க்கப் போகிறார்களாம்.

சாதாரணத் தாள் என்று எழுதிக் கொடுத்திருக்கும்போது யாராவது இருட்டிலா பிரிப்பார்கள்? ட்யூப் லைட்டின் கீழே வைத்துப் பிரிப்பார்கள். அறுபது தாளும் அதோடு போயிற்று. ஒளி பட்டால் கெடுகிற தாளுக்கு முப்பத்தேழாம் அத்தியாயம் இருக்கிறது. அதைப் போட்டிருந்தால் தொடவே யோசித்திருப்பார்கள்.

ஒன்பது வருடம் என் இருட்டறைக் கதவுக்கு வெளியே இருந்தவர் நீங்கள். மறந்தேன் என்று சொல்லாதீர்கள். வேண்டுமென்றே செய்தீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

பூமாரி


எலப்புள்ளி
6 செப்டம்பர் 2024

பூமாரிக்கு,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் விவாகரத்து நோட்டீஸ் என்று நினைத்தேன். படித்து முடித்ததும் நோட்டீஸே தேவலை என்று தோன்றியது.

வேண்டுமென்றே செய்யவில்லை. இங்கே ஒரு நாளைக்கு முப்பது பில் போடுகிறோம். எந்தச் சரக்கு வந்தாலும் அதற்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். நார் மில்லின் பல்சக்கரத்துக்கு ஓர் எண், பிளாஸ்டிக் வாத்துக்கு ஓர் எண். போட்டோ பேப்பர் என்று இப்போது வருவதெல்லாம் கம்ப்யூட்டர் பிரிண்டரில் வைக்கிற தாள். பட்டப்பகலில் பாய் மாதிரி விரித்துப் போடலாம், ஒன்றும் ஆகாது. அதற்கு நாற்பத்தெட்டு. வாரத்துக்கு நான்கு முறை அந்த எண்ணை அடிக்கிற கை, உன் சரக்குக்கும் அடித்துவிட்டது. யாருடைய சரக்கு என்றும் எனக்குத் தெரியவில்லை. பி.எம். ஸ்டுடியோ என்று போட்டிருந்தது. நான் இருந்த காலத்தில் போர்டில் என் பெயரும் இருந்தது.

அந்தக் கம்பெனிக்காரனும் சரக்கு விவரத்தை ஒழுங்காக எழுதியிருக்க மாட்டான். அவனிடம் ஒரு கடிதம் வாங்கிவிடு, தப்பு அவனுடையது என்று. அதை வைத்துத் திருத்திவிடலாம்.

என்னை எழுதிக் கொடுக்கச் சொல்வாய், தெரியும். திருத்த மனுவில் தவறு யாருடையது என்று பெயர் போட்டு எழுத வேண்டும். இந்த வருடம் ஏற்கெனவே இரண்டு தப்புக்கு என் பெயர் போயாயிற்று. போன மாதம் முதலாளி கோபிநாத் சார் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “லோகேஷே, இனி ஒரு தெற்று வந்தா பாஸை என் மேசை மேல வெச்சிட்டுப் போயிடணும், கேட்டல்லோ.” கழுத்தில் தொங்கும் அந்தப் பாஸ் இல்லாமல் கிடங்கு வாசலைத் தாண்ட முடியாது. வேறு எந்த அலுவலகமும் சேர்க்காது. நாற்பத்தாறு வயதில் எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

ஏலப்பாறையில் மழை விட்டதா? இங்கே வெயில்.

லோகேஷ்


ஏலப்பாறை
9 செப்டம்பர் 2024

லோகேஷ் அவர்களுக்கு,

இன்வாய்ஸின் ஜெராக்ஸை வைத்திருக்கிறேன். முதல் வரியைப் படியுங்கள். ‘ஒளியுணர் தாள், ஒளி படாதது.’ பெட்டியின் நான்கு பக்கமும் சிவப்பு எழுத்தில் ‘வெளிச்சத்தில் பிரிக்கக் கூடாது’ என்று அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். பாவம், கடல் கடந்து இருக்கிற அந்த மனிதனைப் பொய் சொல்லச் சொல்கிறீர்கள். நீங்கள் கொடுத்த அத்தியாயத்தின் தொடக்கக் குறிப்பையும் படித்துவிட்டேன். ஒளியுணர் தாள் இதில் சேராது என்று அங்கேயே போட்டிருக்கிறது. நான் பிளஸ் டூ. எனக்கே புரிந்தது.

மழை விடவில்லை. நான் அதை எழுதவில்லை, இதைத்தான் எழுத வந்தேன். 2020 பிப்ரவரியில் என் இருட்டறைக் கதவைத் திறந்து லைட்டைப் போட்டீர்கள். திறக்கக் கூடாது என்று சொல்கிற சிவப்பு பல்பு வெளியே எரிந்துகொண்டிருந்தது. கேட்டதற்கு, “தெரியாம தொறந்துட்டனுங்க” என்று பக்கத்து வீட்டு ஆளிடம் சொல்வது மாதிரி சொன்னீர்கள். அன்று நான் என்னென்னவோ பேசினேன். நீங்கள் மறுநாள் பையை எடுத்துக்கொண்டு பாலக்காட்டுக்குப் போய்விட்டீர்கள். அன்றும் தெரியாமல்தான், இன்றும் தெரியாமல்தான். எத்தனை தடவை ஒரே தாளைத் தெரியாமல் கெடுப்பீர்கள்?

உங்கள் வேலையை விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. 19-ஆம் தேதி வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. அவ்வளவுதான்.

பூமாரி


எலப்புள்ளி
14 செப்டம்பர் 2024

பூமாரிக்கு,

நாளைக்குத் திருவோணம். அலுவலகம் பூட்டியாயிற்று. கீழ் வீட்டுக்காரர்கள் திருச்சூர் போய்விட்டார்கள். போகும்போது அந்த அம்மா, “நீங்க ஊட்டுக்குப் போகலீங்களா?” என்று கேட்டார். போகணுமுங்க என்று சொல்லிவைத்தேன். தெரு முழுக்கப் பூக்களம் போட்டிருக்கிறார்கள். வெளியே போனால் மிதித்துவிடுவேனோ என்று அறையிலேயே இருக்கிறேன். நாலு நாளாக உன் கடிதம் மேசை மேல் கிடக்கிறது.

எழுதிவிடுகிறேன். அன்றைக்குச் சிவப்பு பல்பு எரிந்தது எனக்குத் தெரியும்.

டீ பாக்டரியிலிருந்து ஐந்தரைக்கு வருவேன். பல்பு எரியும். டீ போட்டு மூடி வைப்பேன். ஏழரைக்கு நீ வந்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கையில் மருந்து வாசனையோடு படுத்துவிடுவாய். கோபமெல்லாம் இல்லை உனக்கு. கோபமிருந்தாலாவது இரண்டு வார்த்தை பேசியிருப்பாய். ஒன்பது வருடம் அந்தப் பல்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு இந்தப் பக்கத்தில் ஒருவன் இருக்கிறான் என்று உனக்குத் தெரியட்டும் என்று திறந்தேன். திறந்ததோடு நிற்காமல் லைட்டையும் போட்டேன். உன் தாள் கெடும் என்று தெரிந்துதான் போட்டேன். கெட்டது என்று நீ கத்தியபோது, ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. அதனால்தான் போனேன்.

அன்றைக்கு வேண்டுமென்றே செய்துவிட்டுத் தெரியாமல் என்றேன். இந்த முறை நிஜமாகவே தெரியாமல் செய்தேன், நீ நம்பவில்லை. குற்றம் சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன்.

19-ஆம் தேதியைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

லோகேஷ்


எலப்புள்ளி
20 செப்டம்பர் 2024

பூமாரி,

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து பெட்டி பிழைத்தது, ஒன்று போயிற்று.

நேற்று விடியற்காலை ரயிலில் கிடங்குக்குப் போனேன். பதினொரு மணி என்றார்களே, பத்தரைக்கே தொடங்கிவிட்டார்கள். நான் உள்ளே போனபோது முதல் பெட்டியின் கறுப்புக் கவரைக் கத்தரித்துப் பத்துத் தாளையும் மேசையில் பரப்பியிருந்தார்கள். தலைக்கு மேல் இரண்டு ட்யூப் லைட். தாள் வெள்ளையாக, சாதுவாக, ஒன்றுமே ஆகாதது போலக் கிடந்தது. இரண்டாவது பெட்டியில் ஒருவர் கத்தியை வைத்தார். நான் பெட்டியின் மேல் கையை வைத்துவிட்டேன்.

சோதனை அதிகாரி அன்னமேரி என்று ஒரு மேடம். குமுளிக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். “இது வேற தாளுங்க மேடம், வெளிச்சம் பட்டாச் செத்துப்போயிருமுங்க” என்றேன்.

“சாதாத் தாளுன்னு எழுதிக் கொடுத்தது நீங்கதானே?”

“ஆமாங்க. நான்தானுங்க. தப்பா எழுதிட்டனுங்க.”

பெட்டியில் எழுதியிருப்பதைக் காட்டினேன். எழுத்தை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், தாள் ஒளியுணர் தாள்தான் என்று எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயம்தான். பிரித்துப் பார்க்காமல் நம்ப முடியாது, பிரித்தால் நம்ப ஒன்றும் மிஞ்சாது. அப்போது, பாஸ்போர்ட் படம் எடுக்க உன்னிடம் வந்த காலத்தில் நீ செய்து காட்டியது ஞாபகம் வந்தது. வீணாய்ப்போன தாளின் மேல் ஒரு பெரணி இலையை வைத்து வெயிலில் போட்டாய். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அங்கே இலைக்கு எங்கே போவது? கெட்டுப்போன தாள் ஒன்றை ஜன்னலோரம் வெயிலில் வைத்து, கழுத்திலிருந்த பாஸைக் கழற்றி அதன் மேல் வைத்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் தாள் ரோஜா நிறமாயிற்று, பிறகு ஊதா, பிறகு காப்பிக் கொட்டை. சிரிப்பு நின்றுவிட்டது. பாஸை எடுத்தால் அடியில் மட்டும் வெள்ளையாக ஒரு கட்டம். மேடம் குனிந்து பார்த்துவிட்டு, மீதிப் பெட்டிகளைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். “தப்பு யாருடையதுன்னு தெளிவா எழுதுங்க.”

‘அத்தியாயத்தைத் தவறாகக் குறித்தது நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரே வரி.

அந்தத் தாளை மேடத்திடம் கேட்டு வாங்கி, கறுப்புக் கவரில் போட்டு இதோடு அனுப்புகிறேன். இருட்டறைக்குள் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் பிரி. வேறு வெளிச்சத்தில் பிரித்தால் முழுக்கக் கறுத்துவிடும். கெட்ட பெட்டியின் மீதி ஒன்பது தாளும் என்னிடம் இருக்கின்றன.

அலுவலகத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை. நீ வேலையைப் பார்.

லோகேஷ்


ஏலப்பாறை
27 செப்டம்பர் 2024

லோகேஷுக்கு,

ஐந்து பெட்டியும் வந்து சேர்ந்தன. வந்ததும் நன்றி சொல்ல உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். உங்களோடு பேசத்தான் போன் கூடாது, அலுவலகத்தோடு பேசலாமே. டின்டு என்று ஒரு பெண் எடுத்தாள். “லோகேஷேட்டன் இப்ப இங்க இல்லல்லோ சேச்சி. பாஸைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போயாச்சு.” ஒரு பிரச்சினையும் இல்லை என்று பொய் எழுதி, அதை ஸ்பீட் போஸ்டில் வேறு அனுப்புகிறீர்களே. என்ன மனிதர் நீங்கள்!

கறுப்புக் கவரைச் சிவப்பு பல்பில்தான் பிரித்தேன். மருந்தில் போட்டு நிலைக்கவைத்துவிட்டேன். இனி எந்த வெளிச்சத்திலும் மறையாது. பழுப்பு நிறத்தின் நடுவே வெள்ளைக் கட்டம். மேலே கயிறு கோக்கும் ஓட்டை இருந்த இடத்தில் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு. பெயரும் இல்லை, முகமும் இல்லை. உங்கள் பாஸ் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். என் மேசைக்கு எதிரே மாட்டி வைத்திருக்கிறேன்.

நீங்கள் கதவைப் பற்றி எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதிலுக்கு நானும் ஒன்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் இந்த ஐந்து பெட்டியை அச்சிட எனக்குக் கை வராது.

அன்றைக்கு நீங்கள் ஒன்றையும் கெடுக்கவில்லை. தாள் எதையும் நான் வெளியே எடுத்திருக்கவில்லை. பெட்டி மூடித்தான் இருந்தது. நான் வேலையே செய்யவில்லை. ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அன்று மட்டும் இல்லை. அந்தக் கடைசி இரண்டு வருடத்தில் பாதி நாள் அப்படித்தான். ஸ்டுடியோவுக்கு ஆள் வருவது நின்றுவிட்டது. அதை உங்களிடம் சொல்ல மானக்கேடாக இருந்தது. நீங்கள் பாக்டரியில் பாடுபட்டுவிட்டு வரும்போது நான் சும்மா இருப்பதைப் பார்க்கக் கூடாது என்று பல்பைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவேன். வெளியே நீங்கள் டம்ளரை வைக்கும் சத்தம் கேட்கும். எழுந்து வரலாமா என்று யோசிப்பேன். வேலை முடிந்தது என்று சொன்னால் படம் எங்கே என்று கேட்பீர்களே.

நீங்கள் லைட்டைப் போட்டதும் நான் கத்தினேன், தாளெல்லாம் போச்சு என்று. என்னிடம் போவதற்குத் தாளே இல்லை. பிடிபட்டுவிட்டேனே என்றுதான் கத்தினேன். அந்தப் பொய்க்காக நீங்கள் நான்கு வருடமாக ஒரு வாடகை அறையில் இருக்கிறீர்கள்.

அந்த ஒன்பது தாளை எறிந்துவிடாதீர்கள். எனக்கு வேண்டும். தபாலில் அனுப்பினால் மடங்கிவிடும்.

பூமாரி


எலப்புள்ளி
7 அக்டோபர் 2024

பூமாரி,

நேற்று ஞாயிற்றுக்கிழமை நான் ஏலப்பாறைக்கு வந்தேன்.

பஸ் மாறி மாறி ஒரு மணிக்கு வந்து இறங்கினேன். அந்த ஒன்பது தாள் வைத்த பெட்டி கையில். போர்டை இப்போதுதான் பார்த்தேன், எழுத்து நன்றாக இருக்கிறது. வாசல் கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ் போடவில்லை. உள்ளே வந்தேன். இருட்டறைக் கதவுக்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது.

முன்பெல்லாம் அந்தப் பல்பு எரிந்தால் எனக்கு ஒரே அர்த்தம்தான், அவள் வேலை செய்கிறாள். இப்போது நீ எழுதியதைப் படித்த பிறகு எனக்கு அது விளங்கவில்லை. உள்ளே வேலை நடக்கிறதா? இல்லை, யாரும் வர வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிறாயா? வேலை நடந்தால் தட்டி உன் கையைப் பதற வைக்கக் கூடாது. தனியாக இருக்க வேண்டும் என்று இருந்தால் தட்டவே கூடாது. எப்படிப் பார்த்தாலும் தட்ட எனக்கு வழியில்லை. கதவைத் தொடவும் பயமாக இருந்தது. என் கை அந்தக் கதவில் ஒரு முறை செய்தது போதும்.

அடுப்படிக்குப் போய் டீ போட்டேன். சர்க்கரை அதே டப்பாவில் இருக்கிறது. உன் டம்ளரை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்று மணி ஆயிற்று. கடைசி பஸ்ஸை விட்டால் எங்கே தங்குவது? உன் வீட்டில் தங்க நான் யார் என்று தெரியவில்லை. பெட்டியை எதிர்க் கடை மூக்கம்மாள் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். “ஏன் மாப்ள, உள்ள போவலியா?” என்று அவர் கேட்டார். வேலையாக இருக்கிறாள் என்றேன்.

பெருமாட்டியில் ஒரு தென்னந்தோப்பில் கணக்குப் பார்க்க ஆள் தேடுகிறார்களாம். போய்க் கேட்கலாம் என்று இருக்கிறேன். என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

லோகேஷ்


ஏலப்பாறை
10 அக்டோபர் 2024

என்னங்க,

ஞாயிற்றுக்கிழமை நான் வேலைதான் செய்துகொண்டிருந்தேன். சத்தியமாக வேலை. முப்பத்தொன்றாவது படம், பசுப்பாறைப் பக்கம் மழையில் லாரி மேல் நிற்கும் பெண்கள். தாள் மருந்துக்குள் கிடந்தது. அடுப்படியில் சத்தம் கேட்டது. பூனை என்று நினைத்துக்கொண்டேன். பூனை டீ போடுமா என்று யோசிக்கத் தெரியவில்லை எனக்கு.

நான்கு மணிக்கு வெளியே வந்தேன். மேசையில் டம்ளர் மூடியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், ஆறியிருந்தது. நின்ற வாக்கில் குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். மூக்கம்மாள் அக்கா கடையிலிருந்து, “அவுக போயி ஒரு மணி நேரமாச்சு புள்ள” என்று கத்தினார். நடுரோட்டில், அவர் கொண்டுவந்து கொடுத்த அந்தப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஊரே பார்த்தது. பார்க்கட்டும்.

கெட்டுப்போன தாளில் ஒன்றைப் படம் வரவைக்கிற மருந்தில் போட்டுப் பார்த்தேன். எதிர்பார்த்தபடிதான், ஓரம் வரை ஒரே கறுப்பு. அதை எறியவில்லை. அதன் பின்பக்கத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இன்னும் ஒன்பது படம் பாக்கி. அதனால் பல்பைக் கழற்ற முடியாது. கழற்றிவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் பொய் எழுதி நமக்கு ஆனதெல்லாம் போதும். இனி வேலை இருந்தால் மட்டும் போடுவேன். சும்மா உட்கார வேண்டும் என்றால் உங்கள் எதிரே உட்காருகிறேன்.

தோப்புக்காரரிடம் பேசுவதற்கு முன்னால் இங்கே ஒரு முறை வாருங்கள். கடைசி பஸ்ஸைப் பார்க்க வேண்டாம். வரும்போது பல்பு எரியும். எரிந்தாலும் தட்டுங்கள். தாள் வெளியே இருந்தால் பொறுங்க என்று சொல்வேன். மூன்று நிமிடம், அதற்கு மேல் ஆகாது. கதவை நானே திறக்கிறேன்.

மாரி